முத்துசாமி தீட்சிதரின் நோட்டுசுவரங்கள்
திருவாரூரில் 1775-இல் பிறந்த முத்துசாமி தீட்சிதர், இளமையில் சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்தார். தங்களை ஆதரித்த முதலியார் குடும்பத்தின் வழியாக, தீட்சிதர் சகோதரர்களுக்குப் புனித ஜார்ஜ் கோட்டை பேண்டு இசை அறிமுகமானது. தம்பி பாலுசாமி வயலின் கற்று, அதைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். அண்ணனோ அந்தப் பேண்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் (பாடல் வரிகள்) இயற்றினார்; அவையே நோட்டுசுவரங்கள். பிரிட்டிஷ் அரச வாழ்த்தின் மெட்டில் அமைந்ததுதான் ‘சந்ததம் பாஹிமாம்’. சங்கராபரண சுவரங்களில், கமகம் என்னும் சுவர அசைவின்றி நேராக நடக்கும் இப்பாடல்கள் இன்று கர்நாடக இசைக்குப் பழகாத காதையும் முதல் கேட்பிலேயே ஈர்க்கின்றன. குழந்தைகளும் எளிதில் பாடிவிடுகிறார்கள்.

ஆனால் தீட்சிதரின் மேதைமை முழுதாக வெளிப்படுவது திருவாரூர் கமலாம்பாள் மீது அவர் பாடிய கமலாம்பா நவாவரணக் கிருதிகளில். வீணையின் இழைவோடு மெல்ல விரியும் அவற்றைப் பொறுமையாகக் கேட்க வேண்டும். தந்தை ராமசாமி உருவாக்கிய ஹம்சத்வனி ராகத்தில் தீட்சிதர் அமைத்த ‘வாதாபி கணபதிம்’ இன்றும் கச்சேரிகளைத் தொடங்கிவைக்கிறது. 1835-இல், தீபாவளியன்று, எட்டயபுரத்தில் தீட்சிதர் மறைந்தார்.