மாயாவிக்குக் கரண்ட் எங்கிருந்து வரும்?



போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி கேட்டிருந்தான்: "சார், ஊர் வரலாறு, டச்சுக்காரன் கோட்டை எல்லாம் எழுதிட்டீங்க. நாங்க படிச்ச மாயாவி புக்குக்கு வரலாறு கிடையாதா?" உண்டு தம்பி. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் இந்திரஜால் காமிக்ஸ். டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1964 மார்ச்சில் தொடங்கியது. லீ ஃபால்க் என்ற அமெரிக்கர் 1936-இல் உருவாக்கிய முகமூடி வீரர் வேதாளர்தான் அதன் நாயகன். கடற்கொள்ளையர்கள் தாக்கிய கப்பலிலிருந்து ஒரே ஒருவன் தப்பிக் கரை ஒதுங்குகிறான், கொள்ளையரை ஒழிப்பேன் என்று சபதம் செய்கிறான், அவன் வம்சமே தலைமுறை தலைமுறையாக முகமூடி போட்டுக்கொள்கிறது. கதைப்படி அவன் கரை ஒதுங்கிய ஆண்டு 1536.

8-ஆம் வகுப்பில் நான் இந்த ஆண்டைக் கரும்பலகையில் எழுதியது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். 1536-இல் விஜயநகரத்தை ஆண்டவர் அச்சுத தேவராயர். நம் பழவேற்காட்டில் அப்போது போர்த்துகீசியர் வியாபாரம் செய்துகொண்டிருந்தார்கள். டச்சுக்காரர் ஜெல்டிரியா கோட்டை கட்டியது 1613-இல், அதற்கும் முக்கால் நூற்றாண்டு கழித்து. "வேதாளர் நம்ம கரையில ஒதுங்கியிருந்தா யாரைப் பார்த்திருப்பார்?" என்று கேட்டேன். அந்த வருடம் விஜயநகரப் பாடத்தில் ஒருவரும் தப்பவில்லை.

அடுத்தது சிவகாசி. தீப்பெட்டி, பட்டாசு, காலண்டர் என்று நாம் அறிந்த அந்த ஊரிலிருந்து சௌந்திரபாண்டியன் என்பவர் 1972-இல் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. தமிழில் சூப்பர் ஹீரோ என்றால் ஒரு தலைமுறைக்கு சூப்பர்மேனும் இல்லை, பேட்மேனும் இல்லை. மாயாவிதான்.

மாயாவியின் சொந்த ஊர் லண்டன். 'வேலியன்ட்' என்ற வாரப் பத்திரிகையில் 1962 அக்டோபரில் பிறந்தவர். இயற்பெயர் லூயிஸ் கிராண்டல். ஒரு விபத்தில் வலது கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்டவர். ஆய்வுக்கூடத்தில் நடந்த இன்னொரு விபத்தில் உடம்பில் மின்சாரம் பாய, உருவம் மறைந்துபோகிறது. இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரிகிறது. அந்தச் சக்தி தலைக்கேறி, ஆரம்பக் கதைகளில் அவர் பெரிய அயோக்கியனாகத்தான் அலைகிறார். பிறகு திருந்தி உளவாளி ஆகிறார். கதையை முதலில் எழுதியவர் கென் பல்மர், பிறகு டாம் டல்லி. படம் வரைந்தவர் ஜீசஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின் நாட்டு ஓவியர்.

சரி, சிவகாசியில் அச்சான புத்தகம் காட்டுப்பள்ளிக்கு எப்படி வந்தது? ஒரு பக்கம் கடல், மறு பக்கம் கழி என்று கிடந்த நம் மணல்திட்டில் கடை ஏது? மீன் விற்க, சாமான் வாங்க மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் போனவர்கள் கொண்டுவந்ததுதான். பட்டணம் போனால் சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் பாதி விலைக்குக் கிடைக்கும். 1985 மே மாதத் தீயில் அந்த மார்க்கெட் எரிந்துபோனது. இன்று நம் கும்மிடிப்பூண்டி லோக்கல் வண்டி போய் நிற்கிற மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் நிலையம் அந்த இடத்தில்தான் இருக்கிறது. ரயிலில் வந்துபோகும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1978-இல். ஊருக்குள் வரும் ஒரு புத்தகத்துக்கு இருபது பேர் காத்திருப்பார்கள். அடிதடி வராமல் இருக்க நீங்களே ஒரு வழி கண்டுபிடித்தீர்கள். ஏரியில் நம் பெரியவர்கள் வைத்திருக்கும் பாடு முறை. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று சீட்டு எடுத்து முறை வைக்கிறோம் அல்லவா? அதே மாதிரி மாயாவிக்கும் சீட்டு எடுத்தீர்கள். "இன்னிக்கு என் பாடு சார்" என்று ஒருவன் சட்டைக்குள்ளிருந்து புத்தகத்தைக் காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. பாடம் முடியும்வரை பையில் இருக்கட்டும் என்பது ஒன்றுதான் நான் போட்ட நிபந்தனை.

புத்தகம் சுற்றி முடிந்ததும் மரத்தடியில் விவாதம் நடக்கும். அதுதான் எனக்குப் பிடித்த பகுதி. மறைந்திருக்கும் சக்தி தீர்ந்துபோனால் மாயாவி மறுபடி மின்சாரத்தைத் தொட வேண்டும் என்பது கதையின் விதி. ஒருநாள் ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "சார், மாயாவி நம்ம ஊருக்கு வந்தா என்ன செய்வாரு? இங்க பாதி வீட்டுல கரண்ட் இல்லையே!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது சாதாரணக் கேள்வியாகப் படவில்லை. ஒரு சூப்பர் ஹீரோவின் பலம் எதை நம்பி நிற்கிறது, அந்தப் பொருள் எந்த ஊரில் கிடைக்கும், எந்த ஊரில் கிடைக்காது என்று கேட்கிறாள். பெரிய விமர்சகர்கள் கேட்க வேண்டிய கேள்வி. 1990-களில் அருகிலேயே வட சென்னை அனல் மின் நிலையம் புகை கக்கத் தொடங்கியபோது அந்தக் கேள்விதான் என் நினைவுக்கு வந்தது.

அன்றைக்கு நான் சொன்னது ஒன்றே ஒன்று: "இதை ஒரு அஞ்சலட்டையில் எழுதிச் சிவகாசிக்கு அனுப்பு." அப்படித்தான் நம் ஊரிலிருந்து கடிதம் போவது ஆரம்பித்தது. படம் தெளிவில்லை, கதை முடிவு சப்பென்று இருக்கிறது, போன இதழில் சொன்ன கதை ஏன் வரவில்லை என்றெல்லாம் எழுதினீர்கள். பள்ளியில் விடுப்பு விண்ணப்பம் தவிர வேறு கடிதம் எழுதியிராத பிள்ளைகள், அதுவும் வீட்டில் முதன்முதலாக எழுத்துக் கூட்டிப் படித்த தலைமுறை. ஒரு கருத்தைச் சொன்னால் காரணமும் சொல்ல வேண்டும் என்பதை எந்தப் பாடநூலும் உங்களுக்கு இவ்வளவு நன்றாகச் சொல்லித்தரவில்லை.

1984 ஜூலை மறக்க முடியாத மாதம். சௌந்திரபாண்டியனின் மகன் விஜயன், இருபது வயதுகூட ஆகாத பையன், லயன் காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழ் 'கத்தி முனையில் மாடஸ்டி'. அதே மாதம் தினத்தந்தி குடும்பத்திலிருந்து ராணி காமிக்ஸும் ஜேம்ஸ் பாண்டை வைத்துக்கொண்டு வந்தது. ஒன்றரை ரூபாய் இருந்தால் ராணி கையில். சண்டை போட்டுக்கொள்ள இரண்டு கட்சி கிடைத்துவிட்டது.

லயனைத் தூக்கி நிறுத்தியது ஸ்பைடர். கூர்மையான காதும் கறுப்பு உடையுமாக வரும் இந்த ஆள் ஆரம்பத்தில் நல்லவனே கிடையாது. குற்றவாளிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தி ஆக வேண்டும் என்பது அவன் ஆசை. பெல்ஹாம், ஆர்டினி என்று இரண்டு கூட்டாளிகள். பிறகுதான் மற்ற கெட்டவர்களை ஒழிக்கப் புறப்படுகிறான். திருடனை நாயகனாக ஏற்கலாமா என்று மரத்தடியில் ஒரு வாரம் வழக்கு நடந்தது. "அடுத்தவன் பாட்டுல வலை போடறவன் எப்படி சார் ஹீரோ?" என்றது ஒரு கட்சி. "தண்டம் கட்டிட்டுத் திரும்ப ஏரியில இறங்கறது இல்லையா?" என்றது இன்னொரு கட்சி. தீர்ப்பு சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். நான் நழுவிவிட்டேன்.

இந்த ஸ்பைடருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. அன்றைக்கு நம் யாருக்கும் தெரியாது. ஸ்பைடர் 1965-இல் லண்டனின் 'லயன்' வாரப் பத்திரிகையில் வந்தது. முதல் கதைகளை டெட் கோவன் எழுத, ரெக் பன் படம் வரைந்தார். பிறகு எழுத வந்தவர் ஜெர்ரி சீகல். யார் இவர்? நண்பர் ஜோ ஷூஸ்டருடன் சேர்ந்து சூப்பர்மேனை உருவாக்கியவர்! 1938-இல் சூப்பர்மேன் உரிமையை வெறும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு அதற்காகப் பல வருடம் போராடியவர். 1975-இல்தான் இருவருக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகையும், படைத்தவர்கள் என்ற பெயரும் கிடைத்தன.

லண்டன் வாரப் பத்திரிகைகளில் எழுதியவர், வரைந்தவர் பெயரைப் போடும் வழக்கம் அநேகமாக இல்லை. அதனால் தமிழிலும் அந்தப் பெயர்கள் வரவில்லை. கழி ஓரத்தில் உட்கார்ந்து ஸ்பைடர் படித்த பையன், சூப்பர்மேனைப் படைத்தவரின் கதையைத் தமிழில் படித்துக்கொண்டிருந்தான், அவனுக்கே தெரியாமல். இந்தப் பெயர்களையெல்லாம் பிற்காலத்தில் தேடி எடுத்து, எந்தத் தமிழ்க் கதை எந்த ஆங்கிலக் கதையிலிருந்து வந்தது, எந்த மாதம், எந்த எண் என்று பட்டியல் போட்டவர்களில் பெரும்பாலோர் சாதாரண ரசிகர்கள்தான். வங்கியில் வேலை செய்பவர், கடை வைத்திருப்பவர், ஆசிரியர், இப்படிப்பட்டவர்கள். பல்கலைக்கழகம் செய்ய வேண்டிய வேலையைப் பழைய பெட்டிகளைத் திறந்து வைத்துக்கொண்டு அவர்கள் செய்தார்கள்.

மாயாவியும் ஸ்பைடரும் பிறந்த நாட்டில் பல பத்தாண்டுகள் மறக்கப்பட்டுக் கிடந்தார்கள். ரெபெல்லியன் என்ற நிறுவனம் அந்தப் பழைய கதைகளின் உரிமையை வாங்கி, 2021-இல் மாயாவியை அழகான புத்தகமாகக் கொண்டுவந்தது. இந்த இடைவெளியில் தமிழில் மாயாவி மறுபதிப்பு, மறுபதிப்பு என்று ஓடிக்கொண்டே இருந்தார். வந்த விருந்தாளியை நாம் வீட்டுப் பிள்ளையாக்கிக்கொண்டோம்.

இடையில் ஒரு சரிவும் இருந்தது. இந்திரஜால் 1990-இல் நின்றது. வீட்டுக்கு வீடு டிவி வந்தது. ராணி காமிக்ஸ் 2005-இல் முடிந்தது. லயனும் முத்துவும் எப்போது வரும் என்றே சொல்ல முடியாத நிலை. பிறகு 2012 ஜனவரியில் 'லயன் கம்பேக் ஸ்பெஷல்' வந்தது. நல்ல தாள், வண்ணம், சந்தா முறை என்று மறுபடி எழுந்து நின்றது. 2022-இல் முத்து காமிக்ஸுக்கு 50 வயது. இன்று ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குப் போனால் நரைத்த தலைகள் கூடி நின்று, டெக்ஸ் வில்லரா மாயாவியா என்று சண்டை போடுவதைப் பார்க்கலாம். மாயாவி கதைகளை 'காதில் பூச்சுற்றும் கதை' என்று கேலி செய்பவர்களும் அதே கூட்டத்தில் உண்டு. கேலியும் ஒரு விமர்சனம்தான். படிக்காதவன் கேலி செய்ய மாட்டான்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

அரசாங்கம் எழுதும் வரலாற்றில் ஊரின் பரப்பளவு, மக்கள்தொகை, படகுகளின் எண்ணிக்கை எல்லாம் இருக்கும். பிள்ளைகள் எதைப் படித்துச் சிரித்தார்கள், எதற்குச் சண்டை போட்டார்கள் என்பது இருக்காது. பெரும்பாலான நூலகங்கள் காமிக்ஸைப் புத்தகமாகவே மதித்து வாங்கி வைக்கவில்லை. ஆகவே இந்த வரலாற்றுக்கு ஆதாரம் உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டிதான். ஆனால் நம் பெட்டிகளின் கதி உங்களுக்கே தெரியும். உப்புக்காற்று பாதியைத் தின்றது. 2004 டிசம்பர் 26 அன்று வந்த கடல் இன்னும் கொஞ்சத்தைக் கொண்டுபோனது. துறைமுகம் வந்து குப்பமே இடம் பெயர்ந்தபோது, சட்டி பானையையும் வலையையும் முதலில் ஏற்றினோம். அதுதான் நியாயமும். மிச்சமிருந்த காகிதங்கள் எடைக்குப் போயின. பழைய ஊரை இன்று யாருக்கும் கையைக் காட்டிக் காண்பிக்க முடியாது. அங்கே படித்தவர்கள் இருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அட்டை கிழிந்த ஒரு லயனோ முத்துவோ ராணியோ வீட்டில் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். வெயிலில் காய வைக்காமல் நிழலில் உலர்த்தி, ஒரு பழைய பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். உள் அட்டையில் யாராவது பெயர் எழுதியிருந்தால் அதையும் சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். அந்தப் பெயர்கள்தான் நமக்கு முக்கியம். புத்தகம் இல்லாதவர்கள், எந்தக் கதையை எந்த இடத்தில் உட்கார்ந்து யாரிடம் வாங்கிப் படித்தீர்கள் என்று நாலு வரி கீழே எழுதுங்கள். நான் ஒரு நோட்டில் வருடவாரியாகப் பதிந்து வைக்கிறேன். பேரப் பிள்ளைகளுக்கு மாயாவி பிடிக்கவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். அவர்களுக்குப் பிடித்த நாயகன் யார், ஏன் பிடிக்கும், அவனிடம் என்ன குறை என்று மட்டும் கேளுங்கள். ஏன் என்று சொல்லப் பழகினால் போதும்.

கரண்ட் கேள்வி கேட்ட அந்தப் பெண் இதைப் படித்தால் கட்டாயம் பதில் எழுத வேண்டும். பெயரைச் சொல்லி எல்லோர் முன்னாலும் கூச்சப்படுத்த விரும்பவில்லை. நீ யார் என்று உனக்கே தெரியும் அம்மா.

எல்லோரும் நலமாக இருங்கள். ஏரிப் பக்கம் காற்று பலமாக இருக்கிறது, படகில் போகிறவர்கள் கவனம்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்