ரிவெட் தெறித்த கீபோர்டு

பழைய ஐ.பி.எம். மாடல் எம் கீபோர்டு எதுவாக இருந்தாலும், என் மேசைக்கு வந்ததும் முதலில் திருப்பிப் பார்ப்பேன். முதுகில் ஒட்டிய சீட்டில் தயாரான தேதியும் பார்ட் நம்பரும் இருக்கும். பிறகு லேசாக ஆட்டுவேன். உள்ளே பொடிப்பொடியாக ஏதாவது உருளும் சத்தம் கேட்டால் கோளாறு பாதி தெரிந்துவிடும்.

அந்தப் பொடிகளுக்குப் பின்னால் ஒரு சரித்திரமே இருக்கிறது. 1961இல் வந்த செலக்ட்ரிக் மின் தட்டச்சுப் பொறியை ஐ.பி.எம். தயாரித்தது கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் ஆலையில். அந்தப் பொறியில் பழகிய விரல்களுக்குக் கணினி விசையும் பிடித்தாக வேண்டுமே! ரிச்சர்ட் ஹண்டர் ஹாரிஸ் என்ற பொறியாளர் விசைக்கு அடியில் ஒரு ஸ்பிரிங்கைச் செங்குத்தாக நிறுத்தினார். அழுத்தினால் ஓரளவு தாங்கும். பிறகு சட்டென்று பக்கவாட்டில் மடங்கி, அடியில் இருக்கும் சின்ன நெம்புகோலை உதைக்கும். 'டிக்' ஓசையும் எழுத்து பதிவாவதும் ஒரே நொடியில். இதற்கு 1978இல் காப்புரிமை கிடைத்தது. இதைவிட நேர்மையான விசையை நான் கண்டதில்லை.

1981இல் ஐ.பி.எம். பி.சி.யோடு வந்த மாடல் எஃப் இதே ஸ்பிரிங்கில் இயங்கியது. இரண்டு எஃகுத் தகடுகள் ஒன்றில் ஒன்று கொக்கிபோல் மாட்டி நிற்கும், நடுவே சர்க்யூட் போர்டு. அதில் நாள்பட்டு உதிர்வது பெரும்பாலும் உள்ளே வைத்த ஃபோம்தான். ஆனால் மாடல் எஃப்பைச் செய்யச் செலவு அதிகம். 1985இல் மாடல் எம் வந்தபோது சர்க்யூட் போர்டு போய், கோடுகள் அச்சிட்ட மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் வந்தன. மேல் தகடும் பிளாஸ்டிக் ஆனது. அதிலிருந்து நீட்டிய ஐம்பதுக்கும் மேற்பட்ட பிளாஸ்டிக் குச்சிகளை அடி எஃகுத் தகட்டின் துளைகளில் நுழைத்து, தலையை உருக்கி ரிவெட்டாக அமுக்கிவிட்டார்கள். வருடங்கள் போகப்போக அந்தத் தலைகள் காய்ந்து தெறிக்கின்றன. ஆட்டினால் உருள்வது அவைதான்.

எந்தப் பழுது என்று பிரிப்பது கடினமில்லை. ஒரே ஒரு விசையில் 'டிக்' இல்லையென்றால் கீகேப்பைக் கழற்றி, ஸ்பிரிங் கோணியிருக்கிறதா, இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஓசை கேட்டும் எழுத்து விழவில்லையென்றால் தாளைச் சந்தேகப்படுங்கள். பல விசைகள் ஒன்றாக உயிர்விட்டால் தாளில் ஒரு கோடு அறுந்திருக்கும், அல்லது அதன் வால் இணைப்பில் சரியாக உட்காரவில்லை. ஒரு பகுதி முழுக்கத் தொளதொளத்தால் ரிவெட்தான்.

மேல்மூடியைத் திறக்க ஒல்லியான 5.5 மி.மீ. பாக்ஸ் ஸ்பேனர் வேண்டும். திருகுகள் ஆழமான குழிகளில் இருப்பதால் சாதாரண ஸ்பேனர் நுழையாது. கீகேப்புகளைக் கழற்றிவிட்டு, சட்டத்தை ஸ்பிரிங்குகள் தொங்குமாறு கவிழ்த்து வைத்த பிறகே மிச்ச ரிவெட்களைச் சீவ வேண்டும். நிமிர்த்தினால் நெம்புகோல்கள் கொட்டிவிடும். ஒவ்வொரு குச்சியின் நடுவிலும் 1.5 மி.மீ. துளை. பிளாஸ்டிக் இளகாதபடி மெதுவாகப் போட வேண்டும். தாளையும் ரப்பர் விரிப்பையும் துடைத்து அதே வரிசையில் அடுக்கி, எம்2 போல்ட்டை நட்டோடு முடுக்குவேன். தகடு லேசாக வளைந்தது என்பதால் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போவது என் வழக்கம். ஒரு நாள் வேலை. அவசரப்படுகிறவர்களிடம் இதைக் கொடுக்கவே கூடாது.

ஐ.பி.எம். 1978இல் இந்தியாவை விட்டுப் போய், 1992இல்தான் டாடாவோடு சேர்ந்து திரும்பியது. அதனால் என்னிடம் வருபவை பெரும்பாலும் வெளிநாட்டுப் பழைய சாமான்களோடு வந்தவை.

1991இல் லெக்சிங்டன் ஆலை லெக்ஸ்மார்க் என்ற தனி நிறுவனம் ஆனது. 1996இல் இந்தக் கீபோர்டுத் தொழிலை யூனிகாம்ப் வாங்கியது. அதே ஸ்பிரிங் வைத்த புதுக் கீபோர்டுகளை அவர்கள் கென்டக்கியிலேயே தொடர்ந்து செய்து வருகிறார்கள், உதிரிபாகமும் விற்கிறார்கள். ஆகவே பழைய அலுவலகச் சாமான்களைக் காயலான் கடைக்கு எடை போடுபவர்களே, இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும் கீபோர்டு கையில் சிக்கினால் தனியே எடுத்து வையுங்கள். அதைப் பழுது பார்க்க முடியும்.