மிதவைக்களையின் இளமையும் முதுமையும்: அந்துப்பூச்சி, பூஞ்சை, தழைச்சத்து

வெங்காயத்தாமரைக்கு ஏற்ற எதிரி எது? இக்களை பற்றிய அரை நூற்றாண்டு ஆய்வுகள் பெரும்பாலும் இந்த ஒற்றைக் கேள்வியைச் சுற்றியே வளர்ந்தன. பூச்சியியலாளர்கள் கூன்வண்டையும் அந்துப்பூச்சியையும் முன்னிறுத்தினர். பூஞ்சையியலாளர்கள் இலைக்கருகலையும் இலைப்புள்ளியையும் முன்னிறுத்தினர். இரு தரப்பும் தத்தம் உயிரியைத் தனியே சோதித்துத் தனியே மதிப்பெண் இட்டன. பல இடங்களில் தோல்வி என்று எழுதிவைத்தன. அவற்றுள் கணிசமானவை கேள்வியைத் தவறாகக் கேட்டதால் வந்த தோல்விகள் என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்துப்பூச்சிக்கு வேண்டிய செடி வேறு. பூஞ்சையால் வீழ்த்த முடிகிற செடி வேறு. இரண்டும் ஒரே ஏரியில், ஒரே மிதவைப் பரப்பின் இரு பகுதிகளில் இருக்கின்றன. எந்தப் பகுதி எவ்வளவு என்பதை நீரில் கரைந்திருக்கும் தழைச்சத்தும் மணிச்சத்தும் முடிவு செய்கின்றன.

செய்தித்தாள்கள் ஆகாயத்தாமரை என்று எழுதும் அதே செடிதான் இது: அமேசான் படுகையிலிருந்து அழகுக்காக உலகெங்கும் எடுத்துச்செல்லப்பட்ட, ஊதாப் பூ பூக்கும் ஐக்கோர்னியா கிராசிப்பீஸ். இலங்கை 1909இலேயே இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது; வங்காளம் 1936இல் இயற்றியது. செடி இரண்டு சட்டங்களையும் மதிக்கவில்லை.

நம் வாதத்துக்கு முக்கியமானது அதன் உருவம். திறந்த நீரில், கூட்டமில்லாத இடத்தில் முளைக்கும் செடியின் இலைக்காம்பு குட்டையாக, வெங்காயம் போல் உப்பி, காற்றறைகள் நிறைந்து மிதக்கும். அதே செடி நெருக்கடியில் வளர்ந்தால் காம்பு மெலிந்து நீண்டுவிடும். ஒரு மீட்டர் உயரத்தைத் தொடுவதும் உண்டு. ஆகவே களைப்பரப்பின் ஓரம் எப்போதும் இளமையானது, உப்பிய காம்பு கொண்டது, ஓடுதண்டு விட்டு வெளிநீரைப் பிடித்துக்கொண்டே போவது. நடுப்பகுதி முதிர்ந்தது, உயர்ந்தது, ஒன்றன்மேல் ஒன்றாக இலை மூடியது. வானிலிருந்து பார்ப்பவருக்கும் பொக்லைன் ஓட்டுநருக்கும் எல்லாம் ஒரே பச்சைதான். பூச்சிக்கு அப்படியல்ல.

நீரோடு வாழும் அந்துப்பூச்சி தமிழ் உழவருக்குப் புதிதன்று. நெல்லின் கூண்டுப்புழு இலை நுனியைக் கத்தரித்துச் சுருட்டிக் கூடு செய்து, அதற்குள் இருந்தபடியே வயல்நீரில் மிதந்து அடுத்த தூருக்குப் போகிறது. செவுள் போன்ற இழைகளால் நீருக்குள் மூச்சுவிடுகிறது. நீரை வடித்துவிட்டால் அது ஒடுங்கிவிடும் என்பது உழவர் அறிந்த வைத்தியம். இதே கிராம்பிடே குடும்பத்தைச் சேர்ந்ததுதான் வெங்காயத்தாமரையைத் தின்னும் நிஃபோகிராப்டா ஆல்பிகுட்டாலிஸ். அதன் புழுவுக்குச் செவுள் இல்லை; செடியின் திசுவுக்குள்ளேயே வாழ்கிறது. உப்பிய காம்பைத் துளைத்து, உள்ளே குடைந்து, நடுக்குருத்துவரை போய்விடும். குருத்து போனால் அந்தத் தூர் முடிந்தது. துளைபட்ட காம்பில் நீர் ஏறி, மிதவை கனத்து அமிழும்.

1977இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இந்த அந்துப்பூச்சியை விட்டார்கள். இரண்டிடத்திலும் நிலைத்தது, ஃபுளோரிடா தீபகற்பம் முழுக்கச் சில ஆண்டுகளுக்குள் பரவியது. ஆனாலும் அறிக்கைகளில் அது இரண்டாந்தர முகவராகவே இடம்பெறுகிறது. பரவலாகக் காணப்படுகிறது, சேதம் திட்டுத்திட்டாக இருக்கிறது, ஏரியின் மொத்தக் களைப்பரப்பு குறையவில்லை என்பதே தீர்ப்பு. சேதம் எங்கே திட்டுத்திட்டாக இருந்தது என்பதையும் அதே ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. இளம் செடிகளில், உப்பிய காம்புகளில், பரப்பின் விளிம்பில். நெடிதுயர்ந்த மெல்லிய காம்பை அது நாடுவதில்லை. களை பரவும் இடத்தில் மட்டும் வேலை செய்கிற ஓர் உயிரியை, களை ஏற்கனவே பரவி நிற்கிற இடத்தின் பரப்பைக் கொண்டு அளந்தால் மதிப்பெண் குறையத்தான் செய்யும். ஆண்டுதோறும் விளிம்பு எவ்வளவு முன்னேறியது என்று அளந்திருந்தால் தீர்ப்பு மாறியிருக்கக்கூடும் என்று நினைக்கிறேன்.

உயரமான காம்பையும் துளைக்கும் அந்துப்பூச்சிகள் இல்லாமல் இல்லை. அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பெல்லுரா டென்ஸா தடித்த புழு, சேதமும் பலம். ஆனால் அது சேப்பங்கிழங்குச் செடியையும் தின்னும். பசிபிக் தீவுகளிலும் ஆசியாவிலும் சேம்பு உணவுப்பயிர் என்பதால் அதை வேறு நாடுகளுக்குக் கொண்டுபோகும் பேச்சு அத்தோடு நின்றது. நின்றது சரிதான்.

இனி பூஞ்சை. இந்தியாவுக்கு இதில் முன்னோடிப் பங்குண்டு. பெங்களூரில் இயங்கிய காமன்வெல்த் உயிரியல் கட்டுப்பாட்டு நிலையத்தின் நாகராஜும் பொன்னப்பாவும் வெங்காயத்தாமரையில் கருகல் நோய் உண்டாக்கும் ஆல்டர்நேரியா ஐக்கோர்னியே என்ற புதிய இனத்தை 1970இல் விவரித்தனர். சில ஆண்டுகளில் ஃபுளோரிடாவின் ராட்மன் நீர்த்தேக்கத்தில் களை தானாகவே நலிவதைக் கண்டு, அதன் இலைகளிலிருந்து ஒரு பூஞ்சையைப் பிரித்தெடுத்தனர். 1976இல் கான்வே அதற்கு செர்கோஸ்போரா ராட்மனை என்று பெயரிட்டார். பின்னாளைய மூலக்கூறு ஆய்வுகள் அதை, முன்பே அறிந்திருந்த செர்கோஸ்போரா பியாரோபை இனத்தோடு சேர்த்துவிட்டன. இதைக் களைக்கொல்லி போலத் தெளிக்கும் பொடியாக்கி விற்க ஒரு பெரிய மருந்து நிறுவனம் முயன்றது. சந்தைக்கு வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதற்கு வணிகக் காரணங்கள் உண்டு. உயிரியல் காரணம் அவற்றைவிடச் சுவையானது. செர்கோஸ்போரா முதிர்ந்த இலைகளில் புள்ளியாகத் தொடங்கி, நுனியிலிருந்து காயவைத்துக்கொண்டு வரும். நல்ல ஊட்டமுள்ள நீரில் செடி வாரத்துக்கு ஓர் இலைக்குக் குறையாமல் விடுகிறது. நோய் ஓர் இலையை முடிப்பதற்குள் செடி அடுத்ததை விரித்துவிடும். இலை பிறக்கும் வேகத்தை இலை சாகும் வேகம் மிஞ்சினால்தான் செடி சாகும். ஊட்டம் குறைந்து வளர்ச்சி மந்தமான செடியில் பூஞ்சை வெல்கிறது. கொழுத்து வளரும் செடியில் தோற்கிறது. அந்துப்பூச்சிக்கோ தழைச்சத்து மிகுந்த இளந்திசுதான் இரை. ஆக, ஒன்றுக்கு உகந்த நீர் மற்றொன்றுக்கு உகந்ததல்ல. இரண்டையும் ஒரே தொட்டியில், ஒரே ஊட்ட அளவில் வைத்து ஒப்பிட்டு எது சிறந்தது என்று கேட்டால், தொட்டியில் எவ்வளவு உரம் போட்டோம் என்பதுதான் விடையாக வரும்.

பூச்சியையும் பூஞ்சையையும் இணைக்கும் கண்ணி காயம். நியோகெட்டினா கூன்வண்டுகள் இலைப்பரப்பைச் சிறுசிறு கட்டங்களாகச் சுரண்டித் தின்னும்; அவற்றின் புழுக்கள் காம்புக்குள் குடையும். டெக்சாஸில் பேட்ரிக் மோரன் 2005இல் வெளியிட்ட ஆய்வு, வண்டு சுரண்டிய இலைகளில் செர்கோஸ்போரா தொற்று அதிகரிப்பதைக் காட்டியது. தென்னாப்பிரிக்காவின் ரோட்ஸ் பல்கலைக்கழகக் குழு 2013இல் இன்னும் கூர்மையாகக் கேட்டது. உடல்மேல் நுண்ணுயிர் நீக்கப்பட்ட வண்டுகளையும் நீக்கப்படாத வண்டுகளையும் தனித்தனியே மேயவிட்டு, செடியின் ஒளிச்சேர்க்கை எவ்வளவு குறைகிறது என்று அளந்தனர். வண்டு தின்றதால் வந்த இழப்புக்கு ஈடான இழப்பு, அது சுமந்துவந்த நுண்ணுயிர்களாலும் வந்தது. இந்த முடிவை உரிய கனத்தோடு வாசித்தால், கூன்வண்டின் கணக்கில் இதுவரை வரவு வைத்த வெற்றிகளில் ஒரு பங்கு நுண்ணுயிர்களுக்குச் சேரவேண்டியது. பாத்தியதை கேட்க அவற்றுக்கு ஆளில்லை.

தழைச்சத்து விஷயத்தில் இரண்டு அனுபவங்கள் நேர்முரணாகத் தோன்றும். முதலாவது, சால்வினியா மொலஸ்டா என்ற இன்னொரு மிதவைக்களை. அதன் கூன்வண்டு சிர்டோபேகஸ் சால்வினியே 1980இல் ஆஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியில் விடப்பட்டு விரைவிலேயே களையைத் துடைத்தது. அதே வண்டு பாப்புவா நியூ கினியின் செபிக் ஆற்றுப்படுகையில் நிலைக்கவே மறுத்தது. ரூம், தாமஸ் இருவரும் களைத்திட்டில் யூரியா இட்டுச் செடியின் தழைச்சத்தைக் கூட்டினர்; வண்டு பெருகிற்று. பெருகிய வண்டு ஏற்படுத்திய சேதமே பிறகு செடியில் தழைச்சத்து விகிதத்தை உயர்த்தி வைத்தது. களையை ஒழிக்கக் களைக்கு உரம் போட்ட விந்தை அது. இரண்டாவது, தென்னாப்பிரிக்காவின் ஹார்ட்பீஸ்பூர்ட் அணை. ஜோஹன்னஸ்பர்க் பகுதியின் கழிவுநீரை ஆறுகள் அங்கே கொண்டுவந்து சேர்க்கின்றன. அவ்வளவு ஊட்டத்தில் வெங்காயத்தாமரை பூச்சிகளை முந்திக்கொண்டு வளர்ந்தது. செபிக்கில் தழைச்சத்து போதவில்லை, ஹார்ட்பீஸ்பூர்ட்டில் மிதமிஞ்சியது. ஆக, தழைச்சத்து நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை. பூச்சி பெருகப் போதுமானதும், செடி பூஞ்சையை முந்திவிடாததுமான ஓர் இடைநிலை இருக்கவேண்டும். நம் வாதப்படி, பூச்சியும் பூஞ்சையும் சேர்ந்து வேலை செய்வது அந்த இடைநிலையில்தான்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு: விக்டோரியா ஏரி. அங்கே வெங்காயத்தாமரை 17,000 ஹெக்டேருக்கு மேல் பரவிப் பின் 1998ஐ ஒட்டிச் சட்டென்று சரிந்தது. உகாண்டா 1995 முடிவில் கூன்வண்டுகளை விட்டிருந்தது. வில்லியம்ஸ் குழு 2005இல், காரணம் வண்டு அல்ல, 1997–98 எல் நினோவின் மேகமூட்டமும் அலைகளும்தான் என்று வாதிட்டது. வில்சன் குழு 2007இல் மறுத்து, வண்டே காரணம் என்றது. உயிரிகளைப் பற்றி இவ்வளவு நுணுகிப் பேசுவதை வானிலை ஒரே வீச்சில் பொருளற்றதாக்கிவிடாதா என்று கேட்கலாம். எனக்கு இரு தரப்பும் ஒரே பிழையைப் பகிர்ந்துகொள்வதாகப் படுகிறது: ஒரே காரணத்தைத் தேடுவது. ஆரோக்கியமான மிதவை அலையில் உடைந்தாலும் துண்டுகள் மீண்டும் மிதந்து வேர்பிடிக்கும்; உடைவது அதற்கு இனப்பெருக்க வழி. குடையப்பட்டு நீரேறி அழுகத் தொடங்கிய காம்புகள் உடைந்தால் அமிழும். அதே அலைக்கு இரண்டு நிலைகளில் இரண்டு விளைவு. காலவரிசையைப் பொறுத்தவரை வில்சன் தரப்பே எனக்கு வலுவாகத் தெரிகிறது, அலையை முற்றாக ஒதுக்கிவிட இயலாது என்றாலும்.

பெங்களூரில் 1984 முதல் விடப்பட்ட கூன்வண்டுகள் ஹெப்பாள் போன்ற ஏரிகளில் அந்தப் பத்தாண்டிலேயே களையை அடக்கின. பின்னாளில் அதே நகரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் சாக்கடை நீரில் பச்சை போர்த்திக் கிடந்தன. வண்டின் திறம் குறைந்திருக்க வேண்டியதில்லை. நீர் இடைநிலையைத் தாண்டிவிட்டது என்பதே எளிய விளக்கம். கோவையின் நொய்யல் குளங்களுக்கும் இதே கணக்குப் பொருந்தும். இயந்திரத்தால் வாரி அள்ளும்போது ஓரமும் நடுவும் சேர்ந்தே போகின்றன. எஞ்சும் துண்டுகள் அத்தனையும் கூட்டமில்லாத நீரில் உப்பிய காம்போடு புதிதாகத் தொடங்குகின்றன. பூஞ்சை பிடித்த முதிய இலைகளும், வண்டுகள் குடியிருந்த தூர்களும் கரையில் குவிந்து காய்கின்றன. அள்ளவே கூடாது என்பதல்ல வாதம். அள்ளும்போது முதிர்ந்த பரப்பில் ஒரு துண்டை விட்டுவைத்தால் என்ன ஆகிறது என்று சோதிப்பதற்குச் செலவு மிகக் குறைவு.

ஆல்டர்நேரியாவின் வித்து முளைக்க இலை நெடுநேரம் ஈரமாக இருக்கவேண்டும். எகிப்தில் ஷபானா அதை எண்ணெய்ப் பால்மத்தில் கலந்து தெளித்ததே அந்தத் தேவையைக் குறைக்கத்தான். தமிழகத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை அந்த ஈரத்தைத் தானே தருகிறது. மழைநீர் குளத்தின் ஊட்டச் செறிவையும் நீர்க்கச் செய்கிறது. கோடையில் கூன்வண்டு சுரண்டிய இலைகள் பருவமழையில் பூஞ்சைக்கு இரையாகும் என்பது இதிலிருந்து பிறக்கும் கருதுகோள். சோதிக்கப் பெரிய கருவிகள் வேண்டாம். ஒரே குளத்தின் ஓரத்திலும் நடுவிலும் செடிகளைக் குறியிட்டு, வாரந்தோறும் புதிய இலைகளை எண்ணி, காம்புத் துளை, சுரண்டல் தழும்பு, நோய்ப்புள்ளி மூன்றையும் இலையின் வயதோடு பதிந்து, திசுவின் தழைச்சத்தை அளந்தால் போதும். பூச்சியியல் மாணவர் ஒருவரும் தாவர நோயியல் மாணவர் ஒருவரும் ஒரே பரிசலில் ஏறவேண்டும், அவ்வளவே. துளையும் புள்ளியும் ஓரத்திலும் நடுவிலும் சம அளவில் இருந்தாலோ, மழைக்கால நோய்ப்புள்ளிகளுக்கும் கோடைத் தழும்புகளுக்கும் தொடர்பில்லை என்று தெரிந்தாலோ, இங்கே முன்வைத்த வாதத்தைக் கைவிட வேண்டியதுதான்.