ஓலை வாசித்த கல்யாணமும் 1869-ம் வருஷச் சட்டமும்

1993-ல், பெங்களூருக்கு வேலைக்கு வந்த புதிதில், முதன்முதலாக ஒரு வக்கீல் ஆபீஸ் படி ஏறினேன். எனக்காக இல்லை. என் பெரியம்மா மகள் துணைக்குக் கூப்பிட்டிருந்தார். அக்கா இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். பாளையங்கோட்டையில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, ஊரே கூடி நடந்த கல்யாணம் அது. கட்டியவர் குடித்துவிட்டு அடிப்பார். நாலு வருஷம் பொறுத்தவர், ஒரு நாள் கைக்குழந்தையோடு தனியே வந்துவிட்டார்.

வக்கீல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அடிக்கிறார், சரி. வேறு பெண் யாராவது உண்டா?" என்றார். இல்லை என்றார் அக்கா.

"அப்படியானால் விவாகரத்து கிடைக்காதும்மா. பிரிந்து வாழ மட்டும் உத்தரவு வாங்கலாம். நீங்கள் கிறிஸ்தவர்கள்."

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் இது வேதாகமம் சொன்ன விதி என்றுதான் நானும் நினைத்தேன். "தேவன் இணைத்ததை" என்று சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவன் வேறு எப்படி நினைப்பான்? பல வருஷம் கழித்துச் சட்டத்தின் கதையைப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது.

அது 1869-ம் வருஷத்து இந்திய விவாகரத்துச் சட்டம். இங்கிலாந்தில் 1857-ல் வந்த சட்டத்தைப் பார்த்து எழுதியது. புருஷன் விவாகரத்து கேட்டால், மனைவி வேறொருவனோடு இருந்தாள் என்று காட்டினால் போதும். மனைவி கேட்டால் அது மட்டும் போதாது. விபசாரத்தோடு கொடுமையும் வேண்டும், அல்லது விபசாரத்தோடு இரண்டு வருஷம் கைவிட்டுப் போயிருக்க வேண்டும். மதம் மாறி இன்னொருத்தியைக் கட்டியது போன்ற வேறு சில காரணங்களும் உண்டு. வெறும் அடிக்குச் சட்டத்தில் மதிப்பு இல்லை. மனைவியோடு தொடர்பு வைத்திருந்தவனிடம் புருஷன் நஷ்டஈடு கேட்கலாம் என்றும் ஒரு பிரிவு இருந்தது. மாடு களவு போனால் கேட்பது மாதிரி! கீழ்க்கோர்ட் விவாகரத்து கொடுத்தாலும் அதை உயர்நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் உறுதி செய்ய வேண்டும்.

ஆண்களும் பெண்களும் ஒரே நியதிக்கு உட்பட்டவர்கள் என்று இங்கிலாந்து 1923-லேயே சட்டத்தைத் திருத்திவிட்டது. கொடுமை, கைவிடுதல் ஆகியவை தனித்தனிக் காரணங்களாக 1937-ல் அங்கே வந்தன. நமக்கு விக்டோரியா ராணி காலத்துப் பழைய சட்டம்தான் மிச்சம். இந்து திருமணச் சட்டம் 1976-ல் திருத்தப்பட்டு, கொடுமை ஒன்றே போதும் என்று ஆனது. அக்காவோடு வேலை பார்த்த இந்து டீச்சர் ஒருவர் அப்படித்தான் விடுதலை வாங்கினார். கிறிஸ்தவப் பெண்களுக்கும் மாற்றம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1983-ல் அறிக்கை கொடுத்தது. ஜோத்ஸ்னா சாட்டர்ஜி தலைமையில் ஜாயிண்ட் விமன்ஸ் புரோக்ராம் வருஷக்கணக்காகப் போராடியது. சிறுபான்மையினர் விஷயத்தில் ஏன் கை வைப்பானேன் என்று அரசாங்கங்கள் தள்ளிப்போட்டன.

சரி, வக்கீல் ஆபீஸுக்கு வருகிறேன். அவர் ஒரு வழி சொன்னார். "புருஷன் வேலை பார்க்கும் இடத்தில் பெண்கள் இருப்பார்களே. ஒரு பெயரைச் சேர்த்துவிடலாம். எல்லாரும் செய்வதுதான்." அக்கா பேசவில்லை. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது நான் சொன்னேன், "போகட்டும், ஒரு பேரைச் சேத்துருங்கக்கா. ஆண்டவருக்குத் தெரியும்." இதை இன்று எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அக்கா திரும்பிப் பார்த்துக் கேட்டார், "அந்தப் பிள்ளை என்னடா பாவம் செஞ்சா?"

விபசாரம் செய்யாதே என்பது ஏழாவது கட்டளை, பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது ஒன்பதாவது (கத்தோலிக்கர் எண்ணிக்கையில் ஆறும் எட்டும்). கல்யாணத்தின் பரிசுத்தத்தைக் காப்பதாகச் சொன்ன சட்டம், அடிபட்ட பெண்ணைப் பார்த்து "பொய் சொல், விடுகிறேன்" என்றது. காலம் கெட்டுப்போச்சு, ஒழுக்கம் மாறிப்போச்சு என்று நம் கோயில்களில் நிறையப் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். இந்தப் பொய்யைப் பற்றி ஒரு பிரசங்கமும் கேட்டதில்லை.

1995-ல் கேரள உயர்நீதிமன்றம், விபசாரத்தைச் சேர்க்காமல் கொடுமை மட்டுமே காரணமாகலாம் என்று தீர்ப்புச் சொன்னது. 1997-ல் பம்பாய் உயர்நீதிமன்றமும் அதே வழியில் போனது. பேப்பரைக் கத்தரித்துக்கொண்டு போனார் அக்கா. வக்கீல், "அது கேரளாவுக்கு" என்று கையை விரித்தார். சபையிலும் நிலைமை சுகமில்லை. பெண்கள் ஐக்கியத்தில் அவரை ஜெபிக்கச் சொல்வதை மெல்ல நிறுத்திவிட்டார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை, கூப்பிடவில்லை, அவ்வளவுதான். ஞாயிறு தவறாமல் போய் அதே பெஞ்சில் உட்காருவார்.

கடைசியில் 2001-ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 132 வருஷம்! புருஷனுக்கும் மனைவிக்கும் ஒரே காரணங்கள். கொடுமை தனியாகவே போதும். மூன்று நீதிபதிகளும் நஷ்டஈடும் போயின. இருவரும் சம்மதித்துப் பிரியும் வழி முதன்முறையாக வந்தது. ஆனால் அதற்கு இரண்டு வருஷம் பிரிந்திருக்க வேண்டும், மற்றவர்களுக்கு ஒரு வருஷம்தான். இந்த வித்தியாசம் செல்லாது என்று 2010-ல் கேரள உயர்நீதிமன்றம் சொன்னது. சில வருஷத்தில் இங்கே கர்நாடக உயர்நீதிமன்றமும் ஒரு வருஷம் போதும் என்றது. அந்த ஒரு வருஷக் கட்டாயமும் அடிப்படை உரிமைக்கு விரோதம் என்று 2022-ல் கேரளம் தீர்ப்பளித்தது. நடுவில், திருச்சபை நீதிமன்றம் கொடுக்கும் ரத்துக்குச் சட்ட அங்கீகாரம் கேட்டுக் கர்நாடகத்துக் கத்தோலிக்கர் ஒருவர் போட்ட மனுவை 2017-ல் உச்சநீதிமன்றம் தள்ளிவிட்டது.

அக்கா 2002-ல் மனுப் போட்டார். நடந்ததை நடந்தபடி எழுதினார். எந்தப் பெண் பெயரும் அதில் இல்லை. தீர்ப்பு வந்தபோது மகள் பத்தாவது தாண்டியிருந்தாள்.

இப்போது அக்கா ரிட்டயர் ஆகிவிட்டார். சபையில் இளம் ஜோடிகளுக்குள் சண்டை என்றால் ஐயர் அவரிடம்தான் அனுப்புகிறார். 2022 தீர்ப்பைச் சொன்னால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "ஒரு வருஷம்கூட பொறுக்க முடியாதாமா?" என்று முகத்தைச் சுளித்தார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, சொல்லியும் பார்த்தேன், கேட்கவில்லை.

வருகிற பெண்ணிடம் முதலில் ஒன்றுதான் கேட்பார்: "அடிக்கானா?" இல்லையென்றால் காபி போட்டுக் கொடுத்து, இன்னும் ஆறு மாசம் பாரும்மா என்று நீளமாகப் பேச ஆரம்பிப்பார். ஆமாம் என்றால் பேச்சே கிடையாது. ஹேண்ட்பேக்கை எடுத்துக்கொண்டு, ஆட்டோ பிடிக்கச் சொல்வார்.