ஜிம்னியை எத்தனை அங்குலம் உயர்த்தலாம்?

நான்காம் தலைமுறை சுஸுகி ஜிம்னி 2021-ல் மலேசியாவில் விற்பனைக்கு வந்தது முதல், வண்டியை வாங்கிய கையோடு உயர்த்திக் கட்டும் ஆசையும் கிள்ளான் பள்ளத்தாக்கில் கூடியிருக்கிறது. வார இறுதியில் ஜண்டா பாய்க், உலு லங்காட் பக்கம் காட்டுப் பாதைக்குப் போகிறவர்கள் ஒரு வகை. கேரித் தீவு போன்ற செம்பனைத் தோட்டங்களின் செம்மண் சாலையில் தினமும் ஓட்டுகிறவர்கள் இன்னொரு வகை. பிரிக்பீல்ட்ஸில் அலுவலகத்துக்கு மட்டும் போய்வரும் வண்டியும் சில நேரம் மூன்று அங்குலம் எழுந்து நிற்கும், அது அழகுக்காக. மூவருக்கும் ஒரே கிட் பொருந்தாது.

ஸ்பிரிங்கை மாற்றினால் உயர்வது வண்டியின் உடல் மட்டுமே. அச்சில் தொங்கும் டிஃபரன்ஷியல் உருண்டை இருந்த இடத்திலேயே இருக்கும். தடத்தின் நடு மேட்டில் முதலில் இடிபடுவது அதுதான். அதை உயர்த்தப் பெரிய டயர் வேண்டும். ஜிம்னியோடு வரும் 195/80 ஆர்15 டயரின் விட்டம் ஏறக்குறைய 693 மி.மீ. 215/75 போட்டால் சுமார் 704. 235/75 போட்டால் சுமார் 734. கடைசி அளவில் உருண்டை 20 மி.மீ. மேலே போகும். அதற்கு விலையும் உண்டு. மீட்டர் முள் காட்டுவது அதே வேகமாக இருந்தாலும், வண்டி முன்பைவிட 6 விழுக்காடு வேகமாக ஓடும். 102 குதிரைத்திறன் கொண்ட 1.5 லிட்டர் எஞ்சின், நான்கு கியர் ஆட்டோவுடன் காராக் நெடுஞ்சாலை ஏற்றத்தில் இன்னும் மூச்சு வாங்கும்.

தோட்டச் சாலைக்கு மட்டும் என்றால் ஸ்பிரிங்கைத் தொடாமல், சேற்றிலும் தாரிலும் ஓடக்கூடிய 215/75 டயர் போடுவதே புத்திசாலித்தனம். 235/75 வேண்டுமென்றால்தான் லிஃப்ட் தேவைப்படும். இல்லாவிட்டால் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது டயர் உரசக்கூடும். அதற்கும் 40 முதல் 50 மி.மீ., அதாவது இரண்டு அங்குலத்துக்குள் போதும்.

இரண்டு அங்குலத்தைத் தாண்டினால் செலவு தனியாகப் பிறக்கும். ஜிம்னியின் முன்னும் பின்னும் முழு அச்சு. அதைப் பக்கவாட்டில் பிடித்திருப்பது பான்ஹார்ட் ராட். உடல் உயர உயர அந்தக் கம்பி அச்சை ஒரு பக்கமாக இழுக்கும். நீளத்தைச் சரிசெய்யும் ராட் வாங்க வேண்டும். முன் சக்கரத்தின் காஸ்டர் கோணம் குறைந்து, நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் அலையும். அதற்குத் தனி புஷ். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, புரொபெல்லர் ஷாப்டின் கோணம் தாங்குமா என்பதையும் பார்க்க வேண்டும். ஸ்டியரிங் வெடவெடவென்று ஆடினால் டேம்பரை மட்டும் மாற்றிவிட்டுப் போகக்கூடாது. கிங்பின் பேரிங், புஷ், சக்கர பேலன்ஸ் எல்லாவற்றையும் ஃபோர்மேன் பார்க்க வேண்டும்.

கடையில் ஓல்ட் மேன் ஈமு, அயர்ன்மேன், டஃப் டாக் போன்ற ஆஸ்திரேலியப் பெயர்களும் தாய்லாந்தின் புரோஃபெண்டரும் கிடைக்கும். பெயரைவிட முக்கியம் எடை. ஜிம்னி சுமார் 1,100 கிலோ. ஆட்களும் சாமான்களும் சேர்ந்து 1,435 கிலோவைத் தாண்டக்கூடாது. 70 கிலோ எடையுள்ள நால்வர் ஏறினாலே 280 போய்விட்டது. அதன் மேல் இரும்பு பம்பர், வின்ச், கூரை ரேக் என்றால் எங்கே இடம்? பாரம் எதுவும் போடாதவர் ஹெவி ஸ்பிரிங் வாங்கினால் வண்டி துள்ளும், முதுகு வலிக்கும். ஸ்பிரிங்கையும் அப்சோர்பரையும் ஒரே செட்டாக வாங்குவது நல்லது. பழைய ஸ்பிரிங்கின் மேல் ஸ்பேசர் கட்டை வைப்பது மலிவுதான். ஆனால் அப்சோர்பர் நீளம் மாறாததால் சக்கரம் பள்ளத்தில் இறங்கும் தூரம் குறைந்துவிடும்.

பழைய எஸ்ஜே410, எஸ்ஜே413 வண்டிகளில் பட்டை ஸ்பிரிங். பலர் கூடுதல் பட்டை சொருகுகிறார்கள். வண்டி உயரும், கட்டையாகவும் ஆகிவிடும். துருப்பிடித்த பட்டைகளையும் ஷாக்கிள் புஷ்களையும் முதலில் மாற்றினாலே இழந்த உயரம் ஓரளவு திரும்பும்.

1998-ல் வந்த பெரோடுவா கெம்பாராவின் கதை வேறு. டைஹட்சு டெரியோஸை ஒட்டிய அதற்குத் தனிச் சட்டகமும் இல்லை, லோ கியரும் இல்லை. முன்பக்கம் ஸ்ட்ரட் வகை என்பதால் அதிகம் உயர்த்தினால் டிரைவ் ஷாப்டின் மூட்டு சீக்கிரம் தேயும். ஓர் அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வண்டியின் அமைப்பை மாற்றுவது 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்துக்கு உட்பட்டது. பணம் கட்டுவதற்கு முன்பே ஜேபிஜே அலுவலகத்தில் கேட்டு, ஒப்புதலை எழுத்தில் வாங்க வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்லிவிட வேண்டும். சொல்லாத மாற்றம் விபத்துக்குப் பிறகு இழப்பீட்டுக்குத் தடையாகலாம்.

வேலை முடிந்ததும் அலைன்மென்ட் செய்து, முன்விளக்கைத் தாழ்த்தி வைக்கச் சொல்லுங்கள். வண்டி உயர்ந்தால் விளக்கும் உயர்ந்து, எதிரே வருபவரின் கண்ணைக் கூசும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் அதே பட்டறைக்குத் திரும்பிப் போய் எல்லா போல்ட்டுகளையும் மறுபடி முறுக்கச் சொல்ல வேண்டும்.