வீட்டை முதலில் கட்டுவதா, ஆலையை முதலில் கட்டுவதா? நகரம் கட்டும் கேம்களுக்கு ஜெராம் பக்கத்துத் தோட்டங்கள் சொல்லும் கணக்கு

நகரம் கட்டும் கேம் விளையாடும்போது உங்களுக்கு இது நடந்திருக்கும். கையில் காசு இருக்கிறது, இடம் இருக்கிறது, ஆனா நகரம் மட்டும் வளரவே மாட்டேன் என்கிறது. பெரும்பாலும் தவறு நீங்கள் கட்டிய கட்டடத்தில் இல்லை, அதைக் கட்டிய நேரத்தில்தான்.

இது கேமுக்கு மட்டும் உள்ள சிக்கல் இல்லை. ஜெராமிலிருந்து புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா என்று போனால் சாலையோரம் செம்பனைத் தோட்டங்களைப் பார்க்கலாம். எதை எப்போது நடுவது, எதை எப்போது அழிப்பது என்ற இதே கேள்விக்கு அந்தத் தோட்டங்கள் 100 வருடங்களுக்கும் மேலாகப் பதில் தேடி வருகின்றன.

ஒரு வீடு எப்போது தேவை?

1999ல் வெளிவந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' கேமை எடுத்துக்கொள்வோம். வழக்கமான ஆட்டத்தில் உங்களிடம் 3 வில்லேஜர், ஒரு குதிரை வீரர் என மொத்தம் 4 பேர் இருப்பார்கள். டவுன் சென்டரில் 5 பேருக்குத்தான் இடம். ஒரு வில்லேஜர் உருவாக 25 விநாடி ஆகும். அதாவது முதல் அரை நிமிடத்திலேயே இடம் தீர்ந்துவிடும். அப்புறம் வீடு கட்டும் வரை டவுன் சென்டர் சும்மா நிற்கும்.

ஒரு வீட்டில் 5 பேருக்கு இடம் உண்டு. 5 பேர் உருவாக 125 விநாடி. அப்படியானால் 2 நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலான நேரத்துக்கு ஒரு வீடு போதும். ஒரே நேரத்தில் 4 வீடு கட்டினால், அந்த மரமெல்லாம் யாரும் குடியிருக்காத சுவராக நிற்கும். தாமதமாகக் கட்டினால் ஆள் வரவு நின்றுபோகும். இடம் தீர்ந்த பிறகு கட்டத் தொடங்காதீர்கள். கட்டி முடிக்க ஆகும் நேரத்தைக் கணக்கிட்டு, அவ்வளவு முன்னதாகத் தொடங்குங்கள்.

போட்ட காசு எப்போது திரும்பும்?

'சிவிலைசேஷன்' மாதிரி முறை வைத்து ஆடும் கேம்களில் ஒரு சின்ன வகுத்தல் கணக்கு உதவும். ஒரு கட்டடத்துக்கு 60 உற்பத்தி செலவாகிறது, அது ஒரு முறைக்கு 2 தருகிறது என்று வையுங்கள். 60ஐ 2ஆல் வகுத்தால் 30. போட்டதை எடுக்கவே 30 முறை ஆகும். ஆட்டம் முடிய இன்னும் 100 முறை இருந்தால் உடனே கட்டுங்கள். 20 முறைதான் இருக்கிறதா? கட்டினால் நட்டம்தான்.

வருமானம் தரும் கட்டடம் முதலில், அழகு சேர்க்கும் கட்டடம் பிறகு என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான். சீக்கிரம் கட்டியது அதிக நாள் உழைக்கும்.

தேவைக்கு முன்பா, பின்பா?

2015ல் வந்த 'சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்' கேமில் இன்னொரு சிக்கல் உண்டு. பள்ளி, கிளினிக், தீயணைப்பு நிலையம் என எதைக் கட்டினாலும் பராமரிப்புச் செலவு தொடர்ந்து வரும். ஆள் வருவதற்கு முன்பே எல்லாவற்றையும் கட்டினால் கஜானா காலி. ஆனால் தண்ணீரும் மின்சாரமும் மட்டும் தாமதிக்கக் கூடாது. அவை இல்லாவிட்டால் வந்தவர்களும் போய்விடுவார்கள்.

இதில் இடமும் முக்கியம். தண்ணீர் எடுக்கும் குழாய் ஆற்றின் மேல்பக்கம், கழிவு விடும் குழாய் கீழ்பக்கம். மாற்றி வைத்தால் ஊரே நோயில் விழும். சிலாங்கூர்வாசிகளுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் சுங்கை கோங்கில் கலந்த கழிவால் சுங்கை சிலாங்கூரின் 4 நீர் சுத்திகரிப்பு ஆலைகள் நின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கில் 10 லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளுக்குத் தண்ணீர் இல்லை. தொழிற்சாலைகள் மேல்பக்கம் இருந்தன, குடிநீர் எடுக்கும் இடம் கீழ்பக்கம் இருந்தது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கட்டினால்?

அதே கேமில் பெரிய குடியிருப்புப் பகுதியை ஒரே மூச்சில் திறந்து பாருங்கள். கிட்டத்தட்ட ஒரே வயதுக்காரர்கள் மொத்தமாகக் குடிவருவார்கள். கொஞ்ச காலம் எல்லாம் நன்றாகப் போகும். பிறகு அவர்கள் ஒரே சமயத்தில் வயதாகி இறப்பார்கள். இறுதி ஊர்வல வண்டிகள் போதாமல் சாலை அடைத்துக்கொள்ளும், வீடுகள் காலியாகும். ஆட்டக்காரர்கள் இதை 'மரண அலை' என்பார்கள்.

இதற்கான தீர்வு உங்கள் பக்கத்துத் தோட்டத்திலேயே இருக்கிறது. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917ல் இதே கோல சிலாங்கூர் வட்டாரத்தில், தென்னமரம் தோட்டத்தில் தொடங்கியது. தொடங்கியவர் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே. செம்பனைக் கன்றை நட்டால் காய்க்க ஏறக்குறைய 3 வருடம் ஆகும். சுமார் 25 வருடத்தில் விளைச்சல் குறையும், மரமும் குலை வெட்ட முடியாத உயரத்துக்குப் போய்விடும்.

முழுத் தோட்டத்தையும் ஒரே வருடத்தில் மறுநடவு செய்தால் 3 வருடம் வருமானமே இருக்காது. மறுநடவே செய்யாவிட்டால் எல்லா மரமும் சேர்ந்து கிழமாகும். அதனால் 100ஐ 25ஆல் வகுத்து, ஆண்டுக்கு ஏறத்தாழ 4 சதவீதம் எனப் பகுதி பகுதியாக மாற்றுவார்கள். உங்கள் நகரத்திலும் அப்படித்தான் செய்ய வேண்டும். குடியிருப்பை ஒரு தெரு, பிறகு இன்னொரு தெரு என்று விட்டு விட்டுத் திறங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வெட்டிய குலை ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போனால்தான் எண்ணெயின் தரம் நிற்கும். எனவே முதல் குலை பழுக்கும் முன் சாலையும் ஆலையும் தயாராக இருக்க வேண்டும். ஆனா கன்று நட்ட மறுநாளே ஆலை தேவையில்லை, 3 வருட அவகாசம் இருக்கிறது.

இடிக்கும் முன் யோசித்தீர்களா?

கேமில் புல்டோசரை அழுத்தினால் வீடு ஒரு நொடியில் மறையும். அங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று நாம் பார்ப்பதில்லை.

தோட்டத்தில் வேலையும் லயத்து வீடும் ஒன்றாகவே வந்தன. வேலை போனால் வீடும் போகும். பெஸ்தாரி ஜெயா சுற்றுவட்டாரத்தில் மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய 5 தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் சொந்த வீட்டுக்காக 20 வருடங்களுக்கும் மேல் காத்திருந்தன. அதன் பிறகுதான் 245 வீடுகளுக்கான திட்டம் வந்தது. அன்று பள்ளியில் படித்த பிள்ளைகள் இன்று பெற்றோர் ஆகிவிட்டார்கள். நிலம் கைமாறும் முன் மாற்று வீடு எழும்பியிருந்தால் அந்த 20 வருடம் மிச்சமாகியிருக்கும்.

அடுத்த முறை ஆடும்போது

• இது கட்டி முடிய எவ்வளவு நேரம்? தேவை வரும் நேரத்திலிருந்து அதைக் கழித்துத் தொடங்குங்கள்.
• போட்டது எத்தனை முறையில் திரும்பும்? ஆட்டம் அவ்வளவு நேரம் ஓடுமா?
• பராமரிப்புச் செலவை இன்றைய வருமானம் தாங்குமா?
• ஒரே நாளில் கட்டுவதெல்லாம் ஒரே நாளில் பழசாகுமா? அப்படியானால் பிரித்துக் கட்டுங்கள்.
• இடிக்கப் போகிறீர்களா? இருப்பவர்களுக்குப் புது வீடு முதலில், புல்டோசர் பிறகு.

கடைசிக் கேள்வியைத் தவிர்த்தாலும் கேமில் நீங்கள் ஜெயித்துவிடலாம். நாளைக்கு நகராண்மைக் கழகத்திலோ வீடமைப்பு நிறுவனத்திலோ வேலைக்குப் போனால், அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.