ஆசிரியர் சங்கமும் தாளாளர் நாற்காலியும்

ஆண்டுதோறும் செப்டம்பர் 5ஆம் நாள் நம் பள்ளிகளில் ஆசிரியர்க்கு மாலை அணிவித்து மகிழ்கிறோம். 1962 முதல் நம் நாட்டில் நிலைபெற்றுவிட்ட வழக்கம் இது. மாணவர் வாழ்த்துரை வழங்குவர். பங்குத்தந்தை ஆசிரியப் பணியின் மேன்மையை எடுத்துரைப்பார். இனிப்புடன் விழா நிறைவுறும். சரியாக ஒரு மாதம் கழித்து வரும் அக்டோபர் 5ஆம் நாளோ நம்மில் பலருடைய நினைவில் இல்லை. 1966ஆம் ஆண்டு அந்நாளில்தான் பாரிஸ் நகரில், யுனெஸ்கோவும் பன்னாட்டுத் தொழில் அமைப்பும் இணைந்து உருவாக்கிய ஆசிரியர் நிலை பற்றிய பரிந்துரை ஏற்கப்பெற்றது. ஊதியம், பணிப் பாதுகாப்பு, முதுமைக்கால ஆதரவு, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவற்றை அது விரித்துரைத்தது. அதன் நினைவாகவே 1994 முதல் அக்டோபர் 5 உலக ஆசிரியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

முதல் விழா ஆசிரியரைக் குருவாகப் போற்றுகிறது. இரண்டாவது அவரை உழைப்பாளராக மதிக்கிறது. போற்றுவதற்கு மாலை போதும். மதிப்பதற்கோ சட்டம் தேவைப்பட்டது. அச்சட்டத்தைக் கேட்பதற்குச் சங்கம் தேவைப்பட்டது. அந்த வரலாற்றில் நம் கத்தோலிக்கப் பள்ளிகள் எவ்விடத்தில் நின்றன என்பதையே ஈண்டுச் சிந்திக்க விழைகிறோம்.

உபதேசியார் காலம்

மலைக்கோட்டையின் அடிவாரத்தில் வளர்ந்த திண்டுக்கல் நகர், தோல் பதனிடுவோரும் பூட்டுத் தொழிலாளரும் புகையிலைத் தொழிலாளரும் உழைத்து உருவாக்கிய ஊர். சங்கம் என்னும் சொல் இவ்வூர்க்குப் புதிதன்று. நகரை அடுத்த சமவெளியில் வெள்ளோடு, பஞ்சம்பட்டி, மாரம்பாடி, கொசவபட்டி எனப் பழைமையான கத்தோலிக்கச் சிற்றூர்கள் பல உள்ளன. கோவில் எழுந்த இடத்தில் பள்ளியும் எழுந்தது என்பது இவ்வூர்களின் பொது வரலாறு. பகலில் எழுத்தும் எண்ணும் கற்பித்தவரே மாலையில் செபம் சொல்லிக் கொடுத்தார். மக்கள் அவரை உபதேசியார் என்றும் வாத்தியார் என்றும் அழைத்தனர். குருவானவர் வர இயலாத நாள்களில் இறந்தோரை அடக்கம் செய்யும் வழிபாட்டை நடத்தியவரும் அவரே.

அவரது ஊதியம் யார் கையில் இருந்தது? 1920ஆம் ஆண்டின் சென்னை ஆரம்பக் கல்விச் சட்டத்திற்குப் பின்னர் அரசு மானியம் பெறும் பள்ளிகள் பெருகின. மானியம் தாளாளரிடம் வந்தது. தாளாளர் ஆசிரியருக்கு வழங்கினார். நியமித்தவரும் நீக்கியவரும் அவரே. பெற்ற தொகை ஒன்று, கையொப்பமிட்ட தொகை வேறொன்று என்னும் முறையீடு தனியார் பள்ளிகளில் பரவலாக எழுந்தது. நம் சிற்றூர்களில் தாளாளர் என்பவர் பெரும்பாலும் பங்குத்தந்தையே. பாவமன்னிப்பு அளிப்பவரும் சம்பளம் அளிப்பவரும் ஒருவரே என்னும் நிலையில், கூலியைப் பற்றி வாய்திறந்து பேசுவது எளிதாக இருந்திராது.

இந்த மௌனத்தை உடைத்தவை ஆசிரியர் அமைப்புகள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான தென்னிந்திய ஆசிரியர் சங்கம் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களை ஒன்றுதிரட்டியதோடு, உறுப்பினர் குடும்பங்களுக்கெனப் பாதுகாப்பு நிதி ஒன்றையும் நடத்தியது. ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களோ மாஸ்டர் இராமுண்ணி போன்றோர் தலைமையில் தனியே அணிதிரண்டனர். தனியே திரள அவர்களுக்குக் காரணமும் இருந்தது. அரசியலமைப்பின் 171ஆம் பிரிவு, மாநிலச் சட்ட மேலவை உறுப்பினருள் பன்னிரண்டில் ஒரு பங்கினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை ஆசிரியர்க்கு அளித்தது. ஆனால் உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத நிறுவனங்களில் பணியாற்றுவோர்க்கு மட்டுமே. 1986இல் நம் மாநிலத்தில் மேலவை கலைக்கப்படும் வரை, சிற்றூரில் அரிச்சுவடி கற்பித்தவர்க்கு அந்த வாக்குரிமை இல்லை.

1955இல் காமராசர் ஆட்சியில் சென்னை மாநிலம் ஒரு புதுவழி கண்டது. உள்ளாட்சிப் பள்ளிகளிலும் மானியம் பெறும் தனியார் பள்ளிகளிலும் பணிபுரிந்த ஆசிரியர்க்குச் சேமநிதி, காப்புறுதி, ஓய்வூதியம் என்னும் மூன்றையும் இணைத்து வழங்கும் முப்பயன் திட்டத்தை நாட்டிலேயே முதலாவதாக நடைமுறைப்படுத்தியது. பின்னர், 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, ஒரே தகுதியுடைய ஆசிரியர்க்கு எந்த நிர்வாகத்தின் கீழ் பணிபுரிந்தாலும் ஒரே ஊதியம் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அக்குழு பணியாற்றிய காலத்தில் நடுவண் அரசின் கல்வித் துணை அமைச்சராக இருந்தவர், காந்திகிராமத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரும் 1962இல் திண்டுக்கல் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்றவருமான டாக்டர் சௌந்தரம் இராமச்சந்திரன் என்பது நம் பகுதிக்குப் பெருமை தரும் செய்தி.

சட்டமும் அச்சமும்

முதுமைக்கு ஓய்வூதியம் கிடைத்தது. பணிக்குப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. ஆசிரியர் அமைப்புகள் நெடுங்காலம் வேண்டிநின்ற அப்பாதுகாப்பு, 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அங்கீகரிக்கப்பட்ட தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டமாக வடிவெடுத்து, 1974 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆசிரியரைப் பணிநீக்கம் செய்யக் கல்வித் துறையின் முன் அனுமதி வேண்டும்; தற்காலிக நீக்கத்திற்குக் கால வரம்பு உண்டு; பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம் என்றெல்லாம் அது வகுத்தது.

ஆனால் சிறுபான்மையினர் நிறுவனங்கள் நீதிமன்றத்தை நாடின. 1975 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இச்சட்டத்தின் பல பிரிவுகள் சிறுபான்மையினர் பள்ளிகளுக்குப் பொருந்தா எனத் தீர்ப்பளித்தது. அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு நமக்கு அளித்த உரிமை காக்கப்பட்டது. அதே தீர்ப்பால், அரசு உதவிபெறும் பிற தனியார் பள்ளி ஆசிரியர்க்குக் கிடைத்த முக்கியமான பாதுகாப்புகள் நம் பள்ளி ஆசிரியரை வந்தடையவில்லை. இவ்விரண்டும் ஒரே தீர்ப்பின் விளைவுகள் என்பதை நாம் சேர்த்தே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நம் நிறுவனங்கள் கொண்ட அச்சம் அடிப்படையற்றது என்று கூறுவதற்கில்லை. மலைத்தொடருக்கு அப்பால் கேரளத்தில் நிகழ்ந்தவை நினைவில் பசுமையாக இருந்தன. 1957இல் அங்குக் கல்வி மசோதாவைக் கொணர்ந்த அமைச்சர் ஜோசப் முண்டசேரி கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். திருச்சூர் புனித தோமையார் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். அரசே ஆசிரியர்க்கு நேரடியாக ஊதியம் வழங்கும் என்றது அம்மசோதா. அரசு தேர்வாணையம் தரும் பட்டியலிலிருந்தே ஆசிரியரை நியமிக்கவேண்டும் என்றும் கூறியது. குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். 1958 மே 22 அன்று நீதிமன்றம் சிறுபான்மையினர் உரிமையை உறுதிசெய்தது; ஆயினும் நிர்வகிக்கும் உரிமை என்பது சீர்கேடாக நிர்வகிக்கும் உரிமை ஆகாது என்பதையும் தெளிவுபடுத்தியது. திருத்தப்பட்ட சட்டத்தை எதிர்த்துத் திருச்சபையும் பங்குகொண்ட விடுதலைப் போராட்டம் மூண்டது. 1959 ஜூலை 31 அன்று அரசு கலைக்கப்பட்டது. பின்னர் வந்த ஆட்சி நியமனப் பிரிவை மாற்றியது. ஆசிரியருக்கு அரசே நேரடியாக ஊதியம் வழங்கும் முறையோ நிலைத்தது. அந்தப் போராட்ட ஊர்வலங்களில் நடந்த குடும்பங்களின் ஆசிரியர்களும் அதனால் பயன்பெற்றனர் என்பது வரலாற்றின் விந்தை.

நீதிமன்ற வாயிலில் ஆசிரியர்

தொழிற்சாலை ஊழியர் தமக்கு அநீதி நேர்ந்தால் தொழிலாளர் நீதிமன்றம் செல்லலாம். ஆசிரியரும் அங்குச் செல்லலாமே என்று வாசகர் வினவக்கூடும். கோவாவில் துறவற சபை ஒன்று நடத்திய பள்ளியிலிருந்து 1975இல் நீக்கப்பட்ட ஆசிரியை ஒருவர் இந்த வினாவோடு உச்ச நீதிமன்றம் வரை சென்றார். 1988இல் கிடைத்த விடை: தொழில் தகராறுகள் சட்டத்தின்படி ஆசிரியர் தொழிலாளர் அல்லர். கற்பிக்கும் பணி உயர்ந்தது என்பதனாலேயே தொழிலாளரின் சட்டப் பாதுகாப்பு அவர்க்கு மறுக்கப்பட்டது. ஆசிரியர் அமைப்புகள் தனியாகக் கல்விச் சட்டங்களைக் கேட்டதன் காரணம் இதிலிருந்து விளங்கும்.

இதற்கு ஈராண்டுகளுக்கு முன்னர், தில்லியில் ஃபிராங்க் அந்தோணி பப்ளிக் பள்ளியின் ஊழியர் சங்கம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்திருந்தது. உதவிபெறாத சிறுபான்மையினர் பள்ளிகளுக்குத் தில்லிப் பள்ளிக் கல்விச் சட்டம் அளித்திருந்த விலக்கை அது எதிர்த்தது. 1986 நவம்பரில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அமர்ந்த ஆயம், ஊதியத்தையும் பணி நிலைமைகளையும் நெறிப்படுத்துவது சிறுபான்மையினர் உரிமையைச் சிதைக்காது என்று கூறி, அந்த விலக்கை ஏறக்குறைய முழுவதுமாக நீக்கியது. பணிநீக்கத்திற்கு முன் அனுமதி பெறும் நிபந்தனையிலிருந்து மட்டும் விலக்கு தொடர்ந்தது.

சங்கத்தின் பொறுமைக்குச் சான்றாக மற்றொன்றையும் கூறலாம். பணிக்கொடைச் சட்டம் தமக்கும் பொருந்தும் என்று அகமதாபாத் தனியார் தொடக்கப் பள்ளி ஆசிரியர் சங்கம் வழக்காடியது. 2004இல் தோற்றது. ஆனால் தீர்ப்போடு முயற்சி ஓயவில்லை. 2009இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் ஆசிரியர்க்கும் பணிக்கொடை உரிமை உண்டு என்றது. பள்ளி நிர்வாகங்கள் அதனை எதிர்த்தன; 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் திருத்தத்தை உறுதிசெய்தது. வழக்காடியவர்களுள் பலர் அதற்குள் ஓய்வுபெற்றிருப்பர். தாம் உண்ணாத கனிக்கு மரம் நடுவதே தோழமை.

திருச்சபை கற்பிப்பது என்ன?

உழைப்பாளர் சங்கம் அமைப்பது இயல்பான மனித உரிமை என்று திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இல் தம் சுற்றுமடலில் கற்பித்தார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் அதனை எல்லாத் தொழிலினர்க்கும் விரித்துக் கூறினார். இவை ஆலை முதலாளிகளுக்கு மட்டும் எழுதப்பட்டவை என்று எண்ணுவோர் 1971ஆம் ஆண்டின் ஆயர் மாமன்ற ஏட்டைப் படித்தல் நலம். நீதியைப் பற்றிப் பேச முற்படுவோர் முதலில் மக்கள் கண்முன் நீதியுடையோராக விளங்கவேண்டும் என்றும், திருச்சபையில் பணிபுரியும் பொதுநிலையினர்க்கு நியாயமான ஊதியமும் பணி உயர்வும் வேண்டும் என்றும் அம்மாமன்றம் கூறியது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு இதனைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. திருச்சபைச் சொத்துக்களை நிர்வகிப்போர் நாட்டின் தொழில் சட்டங்களைக் கடைப்பிடிக்கவும் நீதியான கூலி வழங்கவும் கடமைப்பட்டவர்கள் என்கிறது அதன் 1286ஆம் எண். ஆகவே தாளாளர் நாற்காலியில் அமரும் குருவுக்கு இது விருப்பம் சார்ந்ததன்று, கடமை.

சுவருக்கு இருபுறமும்

இவ்வளவும் பழங்கதையாயின் எழுதவேண்டிய தேவையில்லை. 1991–92ஆம் கல்வியாண்டிற்குப் பின் தொடங்கப்பட்ட பள்ளிகளுக்கும் வகுப்புகளுக்கும் தமிழக அரசு மானியம் வழங்குவதில்லை. இதனால் ஒரே வளாகத்தில் இருவகை ஆசிரியர் உருவாயினர். ஒருவர் அரசு வழங்கும் முழு ஊதியம் பெறுபவர். மற்றவர், அதே பாடத்தை அதே பட்டத்தோடு கற்பித்து, மாணவர் செலுத்தும் கட்டணத்திலிருந்து நிர்வாகம் தருவதைப் பெறுபவர். இரண்டாமவருள் பெரும்பாலோர் பெண்கள். 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2018ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோதும் இந்த இடைவெளி மறையவில்லை.

ஆசிரியர் சங்கங்களும் இங்கே தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்றுண்டு. 2003 ஜூலை வேலைநிறுத்தத்தின்போது சுமார் 1,70,000 அரசு ஊழியரும் ஆசிரியரும் ஒரே வேளையில் பணியிழந்தனர்; தோழமையின் விலை என்ன என்பதை அவர்கள் அறிவர். அத்தகைய தோழமை, சுவருக்கு அப்பால் சிறு தொகைக்குக் கற்பிக்கும் சகோதரியை எட்டுவதற்கு ஏன் தயங்குகிறது? ஊதியப் படிகளுக்காக உயரும் குரல், அவருக்கு வருங்கால வைப்புநிதி உண்டா, மகப்பேறு விடுப்பு உண்டா என்று கேட்பதற்கும் உயரவேண்டும் அன்றோ?

நிர்வாகத்தின் இடர்ப்பாட்டையும் மறைக்க வேண்டியதில்லை. கட்டணத்தை உயர்த்தினால் தோல் பதனிடுவோரின் பிள்ளையும் வெங்காயக் கூடை சுமப்பவரின் பிள்ளையும் பள்ளியை விட்டு நிற்பர். உயர்த்தாவிடில் ஆசிரியைக்குக் கூலி குறையும். ஏழை மாணவனின் பெயரால் ஏழை ஆசிரியையின் கூலியைக் குறைப்பது தீர்வாகாது. அச்சுமையை முழுச் சமூகமும் பகிர்ந்துகொள்ள வேண்டும். இங்கேதான் பொதுநிலையினராகிய உங்களின் பணி தொடங்குகிறது. கோபுரம் எழுப்ப நிதி திரட்டும் நாம், ஆசிரியர் ஊதிய நிதி ஒன்றையும் திரட்ட இயலும். பங்குப் பேரவையில் திருவிழாக் கணக்கைக் கேட்கும் உரிமையோடு பள்ளி ஆசிரியரின் பணி நியமன ஆணை, வைப்புநிதி, பணிக்கொடை ஆகியவற்றின் கணக்கையும் கேளுங்கள். அதனைக் கேட்பது குருவை எதிர்ப்பதாகாது. அவர் தம் கடமையை நிறைவேற்றத் துணைநிற்பதாகும்.

அறுவடை செய்தோருக்குக் கொடாமல் பிடித்துக்கொண்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு தம் திருமுகத்தில் எச்சரிக்கிறார். நம் வயல்களில் அறுவடை செய்வோர் ஆசிரியர்களே. அக்குரல் சங்கத்தின் வாயிலாக நம் செவியை எட்டினால் அதனைப் பகையின் குரலாகக் கொள்ளாதிருப்போம். சங்கமே இல்லாத ஆசிரியையின் குரல் நம்மிடம் வருவதில்லை. அவரிடம் நாமே சென்று கேட்போம்.